இடப்பக்க கேலரியின் சட்டம்

பஃபலோ
19 ஜூன் 1979

அன்புள்ள ஜெரோம்,

நீ டெலிபோனை எடுப்பதில்லை. தப்பித்தவறி எடுத்தாலும் "கோலெட், அம்மா" என்று உன் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு நழுவிவிடுகிறாய். ஆறு மாத வயிற்றோடு அந்தப் பெண் நமக்கு நடுவில் தூது போகிறாள், பாவம். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் டொக்கென்று வைக்க முடியாதல்லவா?

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீ அடித்தது பிரமாதமான அடி. மட்டையில் பட்ட சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது வேலிக்குள் நிற்கிற பந்து இல்லை, என் பிள்ளை முதல் ஹோம்ரன் அடித்துவிட்டான் என்று. அது நேராக என்னையே பார்த்து வரும் என்பதுதான் தெரியவில்லை. வெறுங்கையால் பிடித்தேன். இடது கட்டைவிரல் இன்னும் வீங்கிக் கிடக்கிறது. மில்லில் மாவுப் பை தைக்க முடியாமல் லேபிள் ஒட்டும் மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

இப்போது மற்றதைச் சொல்கிறேன். எங்கள் பஃபலோ கேனலர்ஸ் பேஸ்பால் அணிக்காகக் கத்துகிற இடப்பக்க கேலரிக்கு ஒரு சட்டம் உண்டு. உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நாலு வயதில் என் மடியில் உட்கார்ந்து அந்தச் சட்டத்தைத் தொண்டை கிழியக் கத்தியவன் நீ. எதிரணி அடித்த ஹோம்ரன் பந்து எங்களில் யார் கையில் விழுந்தாலும் வீட்டுக்குப் போகக் கூடாது, மைதானத்துக்குள் திருப்பி எறிந்துவிட வேண்டும். உங்கள் பந்தும் வேண்டாம், உங்கள் சங்காத்தமும் வேண்டாம் என்று அர்த்தம். அடித்தது இப்போது நீ ஆடுகிற அந்த டொலீடோ ஹெரான்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம்.

கேலரி முழுக்க எழுந்து நின்று "எறி! எறி!" என்கிறது. பக்கத்து இடத்திலிருந்து பெர்னிஸ் என் தோளைப் பிடித்து உலுக்கி, "வாண்டா, புள்ளைன்னு பாக்காதடி! எறிடி!" என்கிறாள். முதல் வரிசையில் இருபது வருஷமாக உட்கார்ந்து, அடுத்தவரையெல்லாம் எறிய வைத்தவள் நான். நான் மட்டும் மடியில் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? கையை ஓங்கினேன், எறிந்தேன்.

அதைப் பத்திரிகைக்காரன் படம் பிடித்துப் போடுவான் என்று எனக்கு எப்படித் தெரியும்? படத்தில் என் வாய் வேறு கோணிக்கொண்டு நிற்கிறது.

கோபமாகவாவது பேசு. உன் அப்பாவிடம் புலம்பலாம் என்றால், "நான் பந்த உருட்டுறவன், எறியறவங்க கதையெல்லாம் எனக்குப் புரியாது" என்று பௌலிங்குக்குக் கிளம்பிவிட்டார்.

அம்மா


டொலீடோ
27 ஜூன்

அம்மா,

விரலுக்கு ஐஸ் வை. தேய்க்காதே.

நீ கேலரியில் என்ன நடந்தது என்று எழுதியிருக்கிறாய். கீழே என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன். முதல் பேஸைத் தாண்டும்போதுதான் பந்து வேலியைத் தாண்டிவிட்டது என்று தெரிந்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தேன். நீ பிடித்திருந்தாய். ஐந்து வருஷம் சின்ன ஊர்களில் ஆடி, பஸ்ஸில் தூங்கி, ஊசிப்போன சாண்ட்விச் தின்று, கடைசியில் பெரிய லீகில் ஒரு பந்தை வேலிக்கு மேலே அடித்தால் அது என் அம்மா கையில் போய் விழுகிறது. இப்படி யாருக்கு நடக்கும்? நான் ஓடவில்லை, மிதந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாவது பேஸுக்கு வருவதற்குள் நீ எழுந்து எறிந்துவிட்டாய்.

பெஞ்சில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் என் லாக்கரில் அந்தப் பத்திரிகைப் படம். கீழே யாரோ பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்: "பெத்தவளே வேணாம்னுட்டா." கோச்சும் சிரித்தார். அதற்குப் பிறகு ஆடிய ஐந்து ஆட்டத்தில் எனக்கு ஒரு அடி கூட இல்லை.

நீ எறிந்த பந்தை உங்கள் ஆள் எடுத்து எங்கள் பெஞ்ச் பக்கம் போட்டான். எங்கள் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் அதை ஒரு பெட்டியில் போட்டு ரிப்பன் கட்டிக் கொடுத்தார். முதல் ஹோம்ரன் பந்தை அப்படிக் கொடுப்பது வழக்கம். நான் திறக்கவில்லை. கோலெட் அலமாரிக்கு மேலே வைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட்டில் கேனலர்ஸ் இங்கே வந்து ஆடும்போது நீ பஸ் ஏறி வராதே. உனக்கு டிக்கெட் எடுத்து வைக்க மாட்டேன்.

ஜெரோம்


பஃபலோ
5 ஜூலை

ஜெரோம்,

வராதே என்கிறாயா? ரொம்ப நல்லது. டொலீடோவுக்கு நான் வருஷா வருஷம் வருவது கேனலர்ஸுக்காக. எங்கள் பஸ், எங்கள் சாசேஜ், எங்கள் டிக்கெட். உன் தயவு யாருக்கு வேண்டும்?

நீ ஆரம்பித்ததால் நானும் கேட்கிறேன். மனதில் வைத்துக்கொண்டு புழுங்க எனக்குத் தெரியாது.

மே மாதம் உன்னை டொலீடோவுக்கு மாற்றினார்களே, அதற்கு அடுத்த வாரம் நீ அவர்கள் வானொலியில் பேசினாய். இரவானால் ஏரிக்கு அந்தப் பக்கத்து நிலையம் இங்கே தெளிவாகக் கேட்கும். அது உனக்குத் தெரியும். பெர்னிஸ் வீட்டு வராந்தாவில் எங்கள் வரிசை முழுக்க டிரான்சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். "ஷ், நம்ம ஜெர்ரி பேசறான்" என்று பெர்னிஸ் எல்லாரையும் அடக்கினாள். நீ பேசினாய். "சின்ன வயசுலேர்ந்தே இந்தச் சட்டையப் போடணும்னுதான் கனவு கண்டேன்" என்றாய்.

எந்தச் சட்டையை? பிறந்த ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டுக்குச் சுற்றிக்கொண்டு வந்த துணியே கேனலர்ஸ் பச்சை. கோயிலில் உன் புதுநன்மைப் பூசைக்குக்கூட கோட்டுக்குள்ளே அந்தத் தொப்பியை ஒளித்து வைத்துக்கொண்டு போனவன் நீ. சாமியார் பார்த்துவிட்டு என்னைத் திட்டினார்.

பெர்னிஸ் எழுந்து பியரோகி கொழுக்கட்டையைச் சூடு பண்ணப் போனாள். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தை நான் எப்படிப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. ஒரு படத்தை லாக்கரில் ஒட்டினார்கள் என்று நீ குதிக்கிறாய்.

அம்மா


டொலீடோ
30 ஜூலை

அம்மா,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இப்போது எழுத வேண்டியதாகிவிட்டது.

வானொலியில் சொன்னது பொய்தான். எதிரே மைக், பக்கத்தில் மேனேஜர், வீட்டில் வயிற்றில் பிள்ளையோடு பெண்டாட்டி. "நான் பஃபலோ சட்டைக்காகத்தான் கனவு கண்டேன், அவங்க என்னை ஒரு பழைய பிட்சருக்குப் பதிலா தள்ளிவிட்டுட்டாங்க" என்றா சொல்ல முடியும்? ஒன்றை மறந்துவிடாதே. நான் கேனலர்ஸை விட்டு வரவில்லை. அவர்கள்தான் என்னை எறிந்தார்கள். அடுத்தது நீ.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று கோலெட்டின் அப்பா வந்திருந்தார். "அந்தப் பந்தை எங்க கண்ணுல காட்டக் கூடாதா மாப்பிள்ளை?" என்றார். சரி என்று பெட்டியை இறக்கி ரிப்பனை அவிழ்த்தேன்.

அது லீக் பந்து இல்லை, அம்மா. லீக் முத்திரையே இல்லை. கடையில் கூடையில் போட்டு விற்கும் மட்டமான பந்து. ஒரு பக்கம் தையல் பிரிந்திருக்கிறது. இன்னொரு பக்கம் ஏதோ நாய் கடித்த தடம். பல் வரிசை தெளிவாகத் தெரிகிறது. மாமனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெரிய லீக்ல நாயும் ஆடுதா?" என்றார். சிரிப்பை அடக்க முடியாமல் பின்பக்கம் போய்விட்டார்.

நீ என் பந்தைப் பிடித்ததை ஸ்டேடியமே பார்த்தது. நீ எறிந்தது இந்த நாய் கடித்த பந்து. அப்படியென்றால் என்னுடையது எங்கே? விற்றுவிட்டாயா? யாரிடமாவது கொடுத்துவிட்டாயா? இல்லை, என்னைக் கேலி செய்ய வேண்டும் என்று வேண்டுமென்றே இப்படி ஒன்றை வீசினாயா?

பத்திரிகைக்காரர்கள் இன்னும் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். நாளைக்கே இந்தப் பந்தை அவர்களிடம் எடுத்துக் காட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

ஜெரோம்


பஃபலோ
3 ஆகஸ்ட்

ஜெர்ரி,

காட்டாதே. உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், யாரிடமும் காட்டாதே. உன் மாமனார் வாயை எப்படியாவது அடை. இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போடு.

உன் பந்து பத்திரமாக இருக்கிறது. சமையலறையில் மாவு டப்பாவுக்குள், துணியில் சுற்றி. யாரிடமும் கொடுக்கவில்லை. உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

அந்த நாய் கடித்த பந்து ஆல்வின் கோட்ஸினுடையது. ஞாபகம் இருக்கிறதா, எங்கள் வரிசையின் கோடியில் நீளமாக ஒரு மனுஷர் உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். போன வருஷம் ஹெரான்ஸ் ஆள் அடித்த பந்து அவர் கையில் விழுந்தது. எல்லாரும் எறி எறி என்று கத்தும்போது இந்த ஆள் மெதுவாக அதைக் கோட்டுப் பைக்குள் விட்டார். இன்னொரு பையிலிருந்து பழைய பந்து ஒன்றை எடுத்து எறியக் கையை ஓங்கினார். நான் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். கையும் களவுமாக அகப்பட்டுக்கொண்டார். "ஏன்யா இப்படி?" என்று கேட்டேன். "ஒரு பந்து வேணும்னு ஆசையா இருந்துச்சு வாண்டா, அவ்வளவுதான்" என்றார். நான் விட்டேனா? உண்மைப் பந்தை எறிய வைத்தேன். பழைய பந்தைப் பிடுங்கிக்கொண்டேன். ஏமாற்றுக்காரருக்கு இந்த வரிசையில் இடமில்லை என்று முதலில் சொன்னதும் நான்தான். எல்லாரும் பாப்கார்னை எடுத்து அடித்தார்கள். அவர் தன் உட்காரும் திண்டை எடுத்துக்கொண்டு வலப்பக்க கேலரிக்குப் போனார். பிறகு இந்தப் பக்கம் வரவேயில்லை.

அந்தப் பழைய பந்து அன்றிலிருந்து என் கைப்பையிலேயே கிடந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டி, "இதுதான் ஏமாத்தினவன் பந்து" என்று மிரட்டுவேன்.

உன் பந்தைப் பிடித்ததும் கை வலி உயிர் போனது. கத்துகிறார்கள். பைக்குள் கையை விட்டேன். யோசித்துச் செய்யவில்லை ஜெர்ரி. சத்தியமாக யோசிக்கவில்லை. உன் பந்து உள்ளே போனது, ஆல்வினின் பந்து வெளியே வந்தது. எறிந்துவிட்டேன். எனக்கு அது வேண்டும். நீ அடித்தது எனக்கு வேண்டும். அவ்வளவுதான்.

உன்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. ரகசியமாகத் தபாலில் அனுப்பிவிடுகிறேன். எந்த விலாசத்துக்கு என்று மட்டும் எழுது.

அம்மா


டொலீடோ
13 ஆகஸ்ட்

அம்மா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். கோலெட் அழுதாள். இப்போதெல்லாம் அவள் எதற்கும் அழுகிறாள். இரண்டாம் தடவை படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

நீ என்னை வேண்டாம் என்று எறியவில்லை. சந்தோஷம். ஆனால் அது உனக்கும் எனக்கும் ஒரு மாவு டப்பாவுக்கும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் நான் இன்னும் பெத்தவளே வேண்டாம் என்று எறிந்த பையன்தான். போன வாரம் கிளீவ்லண்டில் கேலரியிலிருந்து ஒருவன், "அம்மாவுக்கு டெலிபோன் பண்ணியா?" என்று கத்துகிறான். பந்தைத் தவறவிட்டேன். மேனேஜர் என்னை உட்கார வைத்துவிட்டார்.

தபாலில் வேண்டாம்.

நீ எல்லார் முன்னாலும் எறிந்தாய். எல்லார் முன்னாலும் கொடு. செப்டம்பர் கடைசியில் நாங்கள் பஃபலோவுக்கு வருகிறோம். பயிற்சி நேரத்தில் நான் இடப்பக்க வேலிக்கு வருவேன். உன் வரிசை முழுக்கப் பார்க்க, என்ன செய்தாய் என்று சொல்லிவிட்டுக் கொடு. அப்படி முடியாது என்றால் நீயே வைத்துக்கொள். நான் யாரிடமும் எதையும் காட்ட மாட்டேன், பயப்படாதே. ஆனால் நாம் இப்படியேதான் இருப்போம்.

ஜெரோம்


பஃபலோ
22 ஆகஸ்ட்

ஜெரோம்,

நீ கேட்பது என்னவென்று உனக்குத் தெரியவில்லை.

மில் ஸ்டிரைக்கில் மூடிக் கிடந்த அந்தக் குளிர்காலம் உனக்கு நினைவிருக்காது, நீ சின்னப் பையன். பனி ஜன்னல் வரை ஏறியிருந்தது. உன் அப்பாவுக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை. தினமும் யாராவது ஒருவர் கதவைத் தட்டினார்கள். முட்டைக்கோஸ் சூப், ரொட்டி, உனக்குப் பூட்ஸ். எல்லாரும் கேலரி ஆட்கள். எனக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது பெர்னிஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் ரேடியோவில் கேட்டு எனக்குத் திருப்பிச் சொன்னாள், நான் மயக்கத்தில் இருக்கிறேன் என்றுகூடப் பார்க்காமல். எனக்கு அக்கா தங்கை இல்லை. அந்த வரிசைதான் இருக்கிறது.

ஆல்வினை என்ன செய்தோம் என்று எழுதினேனே. அவர் வெறும் ஆசைப்பட்டவர். நான் சட்டம் பேசியவள். என்னை என்ன செய்வார்கள்?

போன சனிக்கிழமை பெர்னிஸின் மருமகள் புதிதாக வந்திருந்தாள். பெர்னிஸ் கையை நீட்டி, "வாண்டா, அந்த ஏமாத்துக்காரன் பந்த எடு, இவளுக்குக் காட்டலாம்" என்றாள். வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்றேன். என் முகம் பொய் சொல்லுகிற முகம் இல்லை. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அன்றைக்கு நாங்கள் ஜெயித்தோம். யார் என்ன அடித்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இந்த வருஷம் டொலீடோ பஸ்ஸில்கூட நான் ஏறவில்லை.

பட்டியலில் உங்களுக்கு ஒரு ஆட்டம் பின்னால்தான் இருக்கிறோம். இருபது வருஷத்தில் இவ்வளவு கிட்டே வந்ததே இல்லை. இந்த நேரத்தில் என்னை அந்த இடத்திலிருந்து எழுப்பாதே. தபாலில் வாங்கிக்கொள். உன்னைக் கெஞ்சுகிறேன். உன் அம்மா இதுவரை யாரையும் கெஞ்சியதில்லை.

அம்மா


டொலீடோ
12 செப்டம்பர்

அம்மா,

குழந்தை பிறந்துவிட்டது, ஒன்பதாம் தேதி. பெண். கோலெட் நன்றாக இருக்கிறாள். அவளே உனக்குப் போன் பண்ணியிருப்பாள் என்று தெரியும். இருந்தாலும் நான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

கோலெட் "உங்க அம்மாவ வரச் சொல்லு, வரச் சொல்லு" என்று நச்சரிக்கிறாள். அவள் கூப்பிட்டால் நீ வரலாம். நான் கூப்பிட மாட்டேன். எனக்கு அப்படிச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மாட்டேன்.

குழந்தையைக் கையில் வாங்கியபோது ஒன்று நினைத்தேன். இவள் என்ன சட்டை போட்டுக்கொண்டு வந்தாலும், எந்த ஊர் கத்தினாலும், நான் ஒளித்து வைக்க மாட்டேன். இதை உன்னைக் குத்த எழுதவில்லை. குத்தினால் குத்தட்டும்.

என்னை இப்போது கடைசியில் மாற்று ஆளாகத்தான் இறக்குகிறார்கள். அடுத்த வருஷம் வைத்துக்கொள்வார்களா என்று தெரியாது. பஃபலோவில் கடைசி ஆட்டம் முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. பயிற்சி முடிந்து அரைமணி நேரம் இருக்கும். வேலியருகே நிற்பேன்.

நீ வராவிட்டாலும் நிற்பேன்.

ஜெரோம்


பஃபலோ
20 செப்டம்பர்

ஜெரோம்,

ஞாயிற்றுக்கிழமை உங்கள் பயிற்சி எத்தனை மணிக்கு?

அம்மா


டொலீடோ
24 செப்டம்பர்

பதினொன்றரை.

ஜெ.


பஃபலோ
3 அக்டோபர் 1979

என் ஜெர்ரி,

வேலியருகே நடந்தது உனக்குத் தெரியும். நான் திண்டின்மேல் ஏறி நின்று கத்தியதை நீயும் கேட்டாய். நடுவில் குரல் உடைந்ததையும் கேட்டிருப்பாய். பந்தை உன் கையுறைக்குள் வைத்ததும் நீ ஏதோ சொன்னாய். என் காதில் விழவில்லை. காது அடைத்துப்போயிருந்தது. நான் வரும்போது திரும்பச் சொல்.

நீ திரும்பி நடந்த பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. யாரும் கத்தவில்லை. பாப்கார்ன் வீசவில்லை. வீசியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு கேட்டிருப்பேன். பெர்னிஸ் குனிந்து என் திண்டை எடுத்தாள். தூசி தட்டி என் கையில் கொடுத்தாள். "நீ போட்ட சட்டம் வாண்டா. நான் என்னடி பண்ணுவேன்?" என்றாள். அவளும் அழுதாள், நானும் அழுதேன். வாங்கிக்கொண்டு நடந்தேன்.

இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு ஸ்டேடியத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அத்தனை தூரம் என்று எனக்கு அதுவரை தெரியாது. அங்கே ஆல்வின் கோட்ஸ் பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னையும் திண்டையும் பார்த்தார். பையை எடுத்துக் கீழே வைத்தார். "உக்காருங்க" என்றார். ஐந்தாவது இன்னிங்ஸில், மைதானத்தைப் பார்த்தபடியே, "என் பந்து எங்க?" என்றார்.

"என் மகன்கிட்ட இருக்கு."

"அது எந்த எதிரியும் அடிச்ச பந்து இல்லியே வாண்டா. என் சொந்தப் பந்து. என் நாய் கடிச்சது. அத ஏன் பிடுங்கினீங்க?"

மன்னிச்சுக்குங்க என்றேன். இருபது வருஷத்தில் அந்த ஸ்டேடியத்தில் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். ஆகவே அந்தப் பந்தை எடுத்து வை. நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இனி ஒன்பதாவது இன்னிங்ஸ். உங்களுக்கு இரண்டு பேர் அவுட், ஒரு ஆள் பேஸில், நாங்கள் ஒரு ரன் முன்னால். உங்கள் மேனேஜர் உன்னை இறக்கினார். நீ மட்டையோடு வந்து நின்று இடப்பக்க கேலரியைப் பார்த்தாய். அங்கே என் இடம் காலி. பெர்னிஸ் யாரையும் அதில் உட்கார விடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். நீ கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்தாய். அப்புறம் தலையைத் திருப்பி ஒவ்வொரு கேலரியாகத் தேடினாய். என்னைப் பார்த்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் கையை ஆட்டவில்லை.

நீ எப்போதும் இடப்பக்கம் இழுத்து அடிக்கிறவன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், அதற்காக எத்தனை கோச்சுகளிடம் திட்டு வாங்கியிருக்கிறாய். அன்றைக்கு வலப்பக்கம் அடித்தாய். பிட்சர் வெளிப்பக்கமாகப் போட்டான், அதனால்தான் என்று ஆல்வின் சொல்கிறார். இருக்கலாம். அதற்கு மேல் நான் கேட்க மாட்டேன்.

பந்து என்னைப் பார்த்து வந்தது. அது வேலியைத் தாண்டினால் நாங்கள் இருபது வருஷமாகக் காத்திருந்த முதலிடம் போச்சு. அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் எழுந்தேன். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "வா! வா! வந்துடு!" என்று கத்தினேன். எங்களைச் சுற்றி எல்லாரும் பச்சைத் தொப்பி. அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று கத்தினேன். எங்கள் ஆள் முதுகு வேலியில் உரசக் குதித்துப் பிடித்துவிட்டான்; மூன்றாவது அவுட், ஆட்டம் முடிந்தது. அவன் கையுறைக்கும் என் விரலுக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது.

ஊரே பைத்தியம் பிடித்த மாதிரி குதித்தது. முகம் தெரியாதவர்கள் வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். நான் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துத் தட்டிக் கொடுத்தார்கள். நீ முதல் பேஸ் பக்கத்தில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்தபடி நின்றாய். அதை மட்டும்தான் நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தால் உன் அப்பா பௌலிங் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். "யார் ஜெயிச்சா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். கோலெட் கூப்பிட்டுவிட்டாள், நீ கூப்பிட வேண்டாம். பேத்திக்குப் பச்சையும் வாங்கவில்லை, உங்கள் நீலமும் வாங்கவில்லை. மஞ்சளில் ஒரு கம்பளிச் சட்டை பின்னியிருக்கிறேன். கை ஒன்று நீளமாக வந்துவிட்டது, கட்டைவிரல் இன்னும் சரியாக மடங்கவில்லை.

உன்னை வைத்துக்கொள்ளாமல் விட்டால் அவர்கள் முட்டாள்கள். வைத்துக்கொண்டால், அடுத்த வருஷம் இங்கே வரும்போது அதே இடத்துக்கு அடி. இன்னும் ஒரு முழம் தள்ளி அடி. நான் அங்கேதான் இருப்பேன்.

அம்மா